நாற்பத்தொரு மார்க் வாங்கிய டாக்டர்

"டீச்சர், நான் கத்தியக் கீழ வச்சிடலாம்னு இருக்கேன்."

வந்த வேகத்தில் டாக்டர் அறவாழி இதைச் சொன்னார். நாற்காலியில்கூட உட்காரவில்லை.

ஜெசிந்தா டீச்சர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்.

"முதல்ல உக்காருங்க சார். எலுமிச்சை சாதம் இருக்கு."

இந்தக் கதையில் சீடருக்கு வயது ஐம்பத்தாறு. குருவுக்கு முப்பத்தொன்று.

சீடர் மூட்டு மாற்று ஆபரேஷனில் பேர் போன எலும்பு டாக்டர். குரு அதே மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில் புள்ளிவிவரம் பார்ப்பவர். சனிக்கிழமைதோறும் டாக்டர்களுக்குப் புள்ளியியல் வகுப்பு எடுப்பார். மற்ற டாக்டர்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து செல்போனைத் தடவுவார்கள். அறவாழி ஒருவர்தான் முதல் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் எழுதுவார். அதனால் டீச்சருக்கு அவர்மேல் தனிப் பிரியம். ஆனால் காட்டிக்கொள்ள மாட்டார்.

"எனக்குச் சாப்பாடு எறங்காது டீச்சர். இதப் பாருங்க."

மேசைமேல் ஒரு தாளை வைத்தார்.

பத்து மருத்துவமனைகள் சேர்ந்து ஓர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தன. முழங்கால் மூட்டு மாற்றிய அன்றைக்கே நோயாளியை எழுப்பி நடக்கவிடுவது நல்லதா என்பது கேள்வி. ஆறு மாதம் கழித்து நோயாளிகளுக்குப் போன் போட்டு ஒரு படிவத்திலிருந்து பன்னிரண்டு கேள்வி கேட்பார்கள். பதில்களைக் கூட்டி நூற்றுக்கு மார்க் போடுவார்கள். பாதி வழியில் எடுத்த சராசரி மார்க் பட்டியல் அன்று காலைதான் வந்திருந்தது.

ஒன்பது மருத்துவமனைகள் எழுபதுக்கு மேல். அறவாழியின் மருத்துவமனை நாற்பத்தொன்று. அங்கே மூட்டு மாற்றுபவர் அவர் ஒருவர்தான்.

"முப்பது வருஷமா ஆபரேஷன் பண்றேன். எல்லாரும் கைராசி டாக்டர்னு சொல்றாங்க. நானும் நம்பித் தொலைச்சிட்டேன்."

இன்னொரு தாளையும் எடுத்து வைத்தார். ஆராய்ச்சியிலிருந்து விலகிக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தது. கீழே அவர் கையெழுத்து.

"ஆராய்ச்சிப் பிரிவு சார்பா உங்க கையெழுத்தும் வேணும்."

டீச்சர் தாளைப் பார்த்தார். தொடவில்லை.

ஆராய்ச்சியிலிருந்து விலகினால் அதன் மூலம் இலவசமாகக் கிடைக்கும் செயற்கை மூட்டுகள் வருவது நின்றுபோகும். வரிசையில் நாற்பத்து மூன்று பேர் காத்திருந்தார்கள். அவர்கள் வெளியூர் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு அலைய வேண்டும். அலைய முடியாதவர்கள் வலியோடு வீட்டில் கிடக்க வேண்டும். இது இருவருக்கும் தெரியும்.

"காத்திருக்கிறவங்க?"

"அவங்களையும் நான் கெடுக்கணுமா டீச்சர்?"

நல்ல மனுஷன். நல்ல மனுஷர்களுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும்.

டீச்சர் ஒரு வாய் சாதம் எடுத்து மென்றார்.

"உங்க நோயாளிகள்ல யாருக்கு மார்க் ரொம்பக் கம்மி?"

"ஒச்சம்மாள். அறுபத்திரண்டு வயசு. வலது முழங்கால். ஒன்பது மார்க்."

"நூத்துக்கா?"

"நூத்துக்கு."

ரேங்க் கார்டை அப்பாவிடம் நீட்டும் பையனைப் போலச் சொன்னார்.

"நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்க. ஆனா ஒண்ணும் கேக்கக் கூடாது. வலிக்குதான்னுகூடக் கேக்கக் கூடாது."

"கேக்காம எப்படி டீச்சர் தெரியும்?"

டீச்சரின் வாய் நிறையச் சாதம். கையால் வாசலைக் காட்டினார்.

*

ஒச்சம்மாளின் ஊர் உசிலம்பட்டிக்கு அப்பால் இருந்தது. போகிற வழியெல்லாம் அறவாழி மன்னிப்புக் கேட்டுப் பழகினார். "அம்மா, தப்பு என்மேலதான்" என்று ஒரு மாதிரி. "அம்மா, இன்னொரு தடவை திறந்து சரி பண்ணிடலாம்" என்று இன்னொரு மாதிரி. டிரைவர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துப் பயந்துபோனார்.

வீடு பூட்டியிருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"அத்தையத் தேடி வந்தீகளா? அம்மன் கோயில் பொட்டல்ல இருக்காக."

"யாராவது தூக்கிட்டுப் போனாங்களாம்மா?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அவுகளயா? அவுகதான் எங்க எல்லாரையும் இழுத்துக்கிட்டுப் போறாக. எனக்கு அடுப்புல கொழம்பு கொதிக்குது, இல்லைன்னா நானும் அங்கதான் கெடப்பேன்."

ஆடி மாதம். முளைப்பாரித் திருவிழாவுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. பொட்டலில் முப்பது பெண்கள் வட்டமாகக் கும்மி அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு பெண்மணி பாட்டெடுத்துக் கொடுத்தபடி குனிந்தாள், தட்டினாள், நிமிர்ந்தாள், ஒரு சுற்றுச் சுற்றினாள். அடி தப்பியவர்களுக்குப் பாட்டிலேயே திட்டு விழுந்தது.

டாக்டருக்கு அந்த முகம் மறந்துபோயிருந்தது. வலது கால் மறக்கவில்லை. இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் வைத்தாள். வலது கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டது.

அவர் அப்படியே நின்றார். கும்பிடத் தயாராக வைத்திருந்த கைகள் அந்தரத்தில் நின்றன.

"ஆத்தி! டாக்டரய்யா!"

கும்மி நின்றது. ஒச்சம்மாள் ஓடிவந்தாள். ஓடித்தான் வந்தாள்.

"அம்மா, மெதுவா! விழுந்துடப் போறீங்க!"

"விழுந்தா நீங்கதான் இருக்கீகளே! ஏ புள்ளைகளா, இந்த ஐயாதான் எனக்குக் காலு வச்சவுக!"

முப்பது பெண்களும் குலவை போட்டார்கள். டாக்டரின் காது அடைத்துப்போனது. யாரோ ஒரு செம்பு மோரைக் கையில் திணித்தார்கள்.

கேள்வி கேட்கக் கூடாது என்பது டீச்சரின் கட்டளை. அறவாழி மோரைக் குடித்துக் கேள்விகளை விழுங்கினார். ஆனால் ஒச்சம்மாளுக்கு யாரும் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

"போன மாசம் போன்ல ஒரு பிள்ள பேசுச்சே, அதையும் கூட்டியாந்திருக்கலாமே. நல்ல பிள்ள. என்னத்தையோ கேட்டுச்சு. காலுறை மாட்ட முடியுதாம்மான்னுச்சு. எங்க ஊருல காலுறை யாரு மாட்டுறா? இல்ல தாயின்னேன். குளிக்கிற தொட்டிக்குள்ள எறங்கி ஏற முடியுதான்னுச்சு. நான் குழாயடியில குளிக்கிறவ. இல்லைன்னேன். காருல ஏறி எறங்க முடியுதான்னுச்சு. அது எங்கிட்டு இருக்கு? இல்லைன்னேன். வீட்டு மாடிப்படி ஏறுவியான்னுச்சு. மாடி கட்டுனா ஏறுறேன், இப்போதைக்கு இல்லைன்னேன். எல்லாத்துக்கும், 'சரிம்மா, முடியாதுன்னு போட்டுக்கிறேன்'னுச்சு. பாவம், ஒண்ணுக்குக்கூட ஆமான்னு சொல்ல முடியலையேன்னு எனக்கே சங்கடமாப் போச்சு."

டாக்டர் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை. மோர் சட்டையில் கொட்டியது. எதற்கென்று தெரியாமல் முப்பது பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

*

மறுநாள் காலை அவர் ஆராய்ச்சிப் பிரிவின் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார்.

"டீச்சர்! கும்மி அடிக்கிறாங்க டீச்சர்!"

"யாரு?"

"என் ஒன்பது மார்க்!"

டீச்சருக்கு நடித்தே காட்டினார். குனிந்தார், தட்டினார், சுற்றினார். ஸ்டெதஸ்கோப் பறந்துபோய்க் கம்ப்யூட்டர்மேல் விழுந்தது. டீச்சர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"அந்தப் படிவத்தோட கேள்வியெல்லாம் நீங்க படிச்சதே இல்லையா சார்?"

"மொத்த மார்க்கத்தான் பாத்தேன்."

"இத்தனை சனிக்கிழமை முதல் பெஞ்சுல உக்காந்து?"

அறவாழி தலையைச் சொறிந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சரி, தப்புதான். இப்ப அந்த ஒன்பத அழிச்சிட்டு நூறு போடுங்க."

"மாட்டேன்."

"என் கண்ணால பாத்தேன் டீச்சர்!"

"உங்க நோயாளிக்கு நீங்களே மார்க் போட்டா அதுக்குப் பேரு ஆராய்ச்சி இல்ல சார். பாசம்."

"அந்தக் கேள்விங்க தப்பு!"

"தப்புதான். வெளிநாட்டுல யாருக்கோ எழுதின கேள்விங்க. மத்த ஒன்பதும் பெரிய நகரம், அங்க செல்லுபடியாச்சு. இங்க ஆகல. இன்னைக்கே குழுவுக்கு எழுதுறேன். நம்ம ஜனங்க செய்யுற வேலையக் கேக்கணும்னு எழுதுறேன். ஆனா ஒத்துக்குவாங்களா, எத்தனை மாசம் ஆகும், எனக்குத் தெரியாது. கேள்விய மாத்துனா மார்க் ஏறுமா, அதுவும் தெரியாது. வேற யாருக்காவது நெசமாவே கால் சரியில்லாம இருக்கலாம். அவங்களையும் தேடிப் போய்ப் பாக்கணும்."

"அதுவரைக்கும்?"

"நாப்பத்தொண்ணு."

"கடைசி."

"ஆமா. கடைசிதான்."

அறவாழியின் முகத்தில் கும்மி நின்றுபோனது.

"அப்ப என் கை நல்ல கையா இல்லையான்னு எப்படித்தான் தெரிஞ்சிக்கிறது?"

"இந்த நாப்பத்தொண்ணுக்கு உங்க கையத் தெரியாது சார். காலுறையத்தான் தெரியும்."

"ஒச்சம்மா ஒருத்தவங்க ஆடுறத வச்சும் சொல்லிட முடியாது, இல்லையா?"

"முடியாது."

டீச்சர் பொய் சொல்ல மாட்டார். அறவாழிக்கு அவரிடம் பிடித்ததும் அதுதான், அந்த நேரத்தில் பிடிக்காமல் போனதும் அதுதான்.

விலகல் கடிதம் இன்னும் மேசைமேல் கிடந்தது. டீச்சர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"இப்பக் கையெழுத்துப் போடவா?"

மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் துடித்தது. டீச்சர் பேனா முனையைத் தாள்மேல் வைத்தார், எழுதவில்லை.

"நீங்க கெளம்பும்போது ஒச்சம்மா ஏதாவது சொன்னாங்களா சார்?"

"கார் வரைக்கும் கூடவே வந்தாங்க. சேலையக் கொஞ்சம் தூக்கி இடது முழங்காலக் காட்டி, 'இதுக்கு எப்பய்யா?'ன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உங்களுக்கு முன்னாடி ஆளுங்க காத்திருக்காங்கம்மா, அவங்க எல்லாருக்கும் முடிச்சிட்டு தை மாசம் உங்களுக்குன்னு..."

அறவாழி நிறுத்தினார். வாய் திறந்தபடியே இருந்தது.

டீச்சர் பேனாவை மூடினார்.