வரித்தலை வாத்தின் இரண்டு கோடுகள்

பறவையும் விலங்கும் வாய்விட்டுப் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், வரித்தலை வாத்துக்கு வரியே கிடையாது. தலை முழுக்க வெள்ளை. இமயத்துக்கு வடக்கே, மரம் முளைக்காத உயர்ந்த பீடபூமியில் ஓர் உப்புநீர் ஏரி இருந்தது. அதன் கரையில் அவை கோடையில் குஞ்சு பொரித்தன. குளிர் வந்தால் மலை தாண்டிப் பறந்து, பாண்டிநாட்டுக் குளங்களில் இறங்கின.

கோடையில் வாத்துகளுக்குச் சிறகு உதிரும். ஒரு மாதம் பறக்க முடியாது. நரிக்குப் பயந்து தண்ணீரோரமே கிடக்கும் அந்த நாட்களில், குஞ்சுகளை உட்காரவைத்துத் திசையும் தேசமும் சொல்லித்தர யாருக்குப் பொறுமை இருக்கும்? போன வருஷம் மையன் என்ற அண்டங்காக்கை தானாகவே வந்து, "பிள்ளைகளை என்னிடம் விடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றான். எல்லோருக்கும் பாரம் இறங்கியது.

இந்த வருஷம் செங்காலி என்ற தாய் வாத்துக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. 'காக்கை சும்மா எதையாவது செய்யுமா?' போன வருஷம் மலையில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள் அவள். அதனால்தான் யாரைக் கண்டாலும் சந்தேகப்படுகிறாள் என்று மற்ற வாத்துகள் பேசிக்கொண்டன.

ஒருநாள் கோரைப்புல்லுக்குள் பதுங்கி அவன் பாடத்தைக் கேட்டாள். மையன் அலகால் மணலில் கோடு இழுத்துக்கொண்டிருந்தான்.

"இதோ, வடகோடியில் உறைந்த கடல். அதற்குக் கீழே ஊசியிலைக் காடு. அடுத்தது குதிரை மேயும் புல்வெளி. பிறகு மணல்காடு. பிறகு நம் பீடபூமி. சொல்லுங்கள்!"

குஞ்சுகள் ஒரே குரலில் சொல்லின. ஒரு பிழை இல்லை. வடக்கிலிருந்து வரும் கொக்குகளும் இதையேதான் சொல்லும். செங்காலிக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. சாயங்காலம் தன் குஞ்சு குறுவாலனைக் கேட்டாள். "மலைக்குத் தெற்கே என்னடா இருக்கிறது?"

"சிகரம் ஏறியதும் வெள்ளையாகப் பளபளக்கும் அம்மா. அதுதான் குளம். இறங்கிவிட வேண்டியதுதான்!"

செங்காலிக்குப் பறிகொடுத்த மூத்தவன் நினைவுக்கு வந்தான். போன வருஷம் மேகத்துக்குள் அவன் "அம்மா, குளம்!" என்று கத்திக்கொண்டே கீழே போனான். அவன் இறங்கியது பனிப்பாளத்தில். மூச்சுத் திணறிப் பிதற்றுகிறான் என்றுதான் அவள் இதுவரை நினைத்திருந்தாள். அவனுக்கும் இதே மையன்தான் வாத்தியார்.

கூட்டத்தின் தலைவி பெரியலகியிடம் ஓடினாள். "அக்கா, அவன் நம் பிள்ளைகளைச் சாகத்தான் பழக்குகிறான். அவர்கள் பனியில் விழுந்தால் யாருக்கு விருந்து?"

"குஞ்சு தப்பாகக் கேட்டிருக்கும். கண்ணால் காணாமல் பழி போடாதே" என்றாள் பெரியலகி.

மறுநாள் எல்லோர் முன்னாலும் செங்காலி கேட்டாள். "மையண்ணே, மலை தாண்டியதும் முதலில் என்ன வரும்?"

மையன் பெரிய வாத்துகளை ஒருமுறை பார்த்தான். "அது பெரிய பாடம். பிள்ளைகளுக்கு இப்போது வேண்டாம்."

"சரி. இந்த வருஷம் நீங்களே முன்னால் பறந்து காட்டுங்கள்."

குஞ்சுகள் ஆரவாரம் செய்தன. மையனால் மறுக்க முடியவில்லை. "அதற்கென்ன!" என்றான்.

குளிர் வந்தது, கூட்டம் கிளம்பியது. பாதி மலைகூட ஏறவில்லை. மையன் ஒரு பாறையில் விழுந்து அலகைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கினான். செங்காலி பக்கத்தில் இறங்கினாள்.

"நான் தாண்டியதே இல்லை, செங்காலி. இங்கிருந்து பார்த்தால் மேலே பளபளக்கும். அதையே குளம் என்று நினைத்தேன். எல்லோரும் வாத்தியார் வாத்தியார் என்று கூப்பிட்டபோது, தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை."

தெரியாமல் சொன்னானா, தெரிந்தே சொன்னானா? செங்காலி அவன் அலகையே பார்த்தாள். "என் மூத்தவனைப் பனியில் பார்த்தாயா?"

மையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

செங்காலி எழும்பிப் பறந்து கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாள். சிகரத்தில் பனிப்பாளம் வெயிலில் மின்னியது. "அதோ குளம்!" என்று குறுவாலன் சரிந்தான். செங்காலி அவனுக்கும் கீழே பாய்ந்து, சிறகால் அடித்து மேலே தள்ளினாள். "கண்ணை நம்பாதே! என் தலையைப் பார்த்துக்கொண்டே வா!"

மலை தாண்டி இறங்கியதும், தெற்கு அடிவாரத்தில் தீயில் கருகிய தேவதாரு மரம் ஒன்று நின்றது. செங்காலி அதன் கிளையில் உச்சந்தலையைத் தேய்த்தாள். கண்ணிலிருந்து கண்வரை ஒரு கருங்கோடு விழுந்தது.

"இது எதற்கு அம்மா?"

"மலை தாண்டியதற்கு."

அதற்குமேல் ஒவ்வொரு தேசமாக அவளே சொல்லிக்கொண்டு வந்தாள். கங்கைச் சமவெளி. விந்தியக் காடு. தக்காணத்துப் பாறைநிலம். பல பகல் கழித்துத் தெற்கே ஒரு கரிசல் குளத்தில் இறங்கினார்கள். அந்தக் கருஞ்சேற்றை எடுத்துப் பிடரியில் இரண்டாவது கோடாகப் பூசிக்கொண்டாள்.

"இது வழி முழுதும் வந்ததற்கு. இந்த இரண்டும் இல்லாத தலை மலைக்கு அப்பால் இருப்பதைப் பற்றி என்ன சொன்னாலும் நம்பாதே."

பெரியலகி முதல் ஆளாக வந்து தன் தலையைக் குனிந்து கொடுத்தாள். பிறகு பெரிய வாத்துகள் எல்லாம் வந்தன. ஊர் திரும்புமுன் குஞ்சுகளுக்கும் கோடு போட்டார்கள்.

அன்று முதல்தான் வரித்தலை வாத்தின் வெள்ளைத் தலையில் இரண்டு கருங்கோடுகள். இன்னும் மலை தாண்டாத குஞ்சின் தலையில் மட்டும் ஒன்றும் இருப்பதில்லை.