மேலக்குளத்துச் சேறு

மேலக்குளத்து மடைக்காரர் சுடலைக்கண் சொல்ல, 1978ஆம் ஆண்டு மாசி மாதம் கேட்டது.

வந்த வேகத்தில் மேலக்குளத்துத் தவசிமுத்து வணங்கவும் மறந்தார்.

"கீழக்குளத்தானுக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு, அம்மா?"

பிச்சியம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆயினும் அவருக்குக் குரு. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"என்னவாம்?"

"ரெண்டு குளத்துக்கும் ஒரே கால்வாய்த் தண்ணி. எங்கிருந்தோ வாற நாரை எல்லாம் அங்கேதான் கூடு கட்டுது. பொண்ணு கேட்டுப் போனா, 'நாரைகூட ஒதுங்காத ஊரா?'ன்னு கேக்கான்."

"அவங்க தீபாவளிக்கு வெடி போடுறதில்லை."

"நாங்களும் நிறுத்தி மூணு வருசமாச்சு! நாரை காலையில எங்க குளத்துக்கு வருது, சேத்துல நிக்குது, திரும்ப அங்கேயே போயிருது. சேறுதான் பிடிக்கலை. வெள்ளிக்கிழமை ஊரே திரண்டு சேத்தை வாரி ஆழமா வெட்டப் போறோம். மொத மம்பட்டி நீங்க போடணும்."

"போடுதேன். அதுக்கு முன்னால கீழக்குளத்துல ஒரு கூட்டுக்கடியில போய் நின்னுட்டு வாரும்."

"அவன் குளத்துலயா? நானா?"

"நீருதான்."

வியாழக்கிழமை போனார்.

"என்ன அண்ணாச்சி, கண்ணு போட வந்தீயளா?" என்றான் கரையில் நின்ற ஒருவன்.

தவசிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டார். மார்பளவு தண்ணீரில் நடந்து, கருவேல மரமொன்றின் அடியில் நின்றார்.

தலைக்கு மேல் வெள்ளைக் குஞ்சுகள். பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. ஒரே ஒரு கூடு எங்களுக்கு இருந்தால் ஆகாதா?

ஆள் நிற்பதைக் கண்டு மிரண்ட குஞ்சொன்று, தாய் ஊட்டியதைக் கக்கியது. அவர் தோளில் விழுந்தது.

எடுத்துப் பார்த்தார். அயிரை. சேற்றைத் தவிர வேறெங்கும் தங்காத மீன். இவ்வளவு ஆழத்தில் அயிரை ஏது?

அந்நேரம் மேலக்குளத்துத் திசையிலிருந்து வந்த நாரையொன்று கூட்டில் இறங்கியது. குஞ்சுகள் வாயைப் பிளந்தன.

ஈர வேட்டியோடு அவர் திரும்பியபோது, பிச்சியம்மை மம்பட்டியுடன் வாசலில் நின்றார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு?"

"வெட்டலை, அம்மா."

"ஏன்?"

"அடுக்களையை எப்படி வெட்ட?"

சுடலைக்கண் இவ்விடத்தில் நிறுத்திவிடுவார். கீழக்குளத்தில் இக்கதையைச் சொல்வோர் தவசிமுத்துவை அத்தனை எளிதில் விடுவதில்லை. அவர்கள் சொல்வதில் அவர் கரையேறி, "எங்க மீனைத் தின்னுட்டா உங்க ஊர்ல கூடு?" என்று மல்லுக்கு நிற்கிறார். அதைக் கேள்விப்பட்ட பிச்சியம்மை அவரை மறுபடியும் அதே தண்ணீரில் இறக்குகிறார்.