பரோட்டா மாஸ்டரின் பாலிசி

பிரான்சில் ஒரு ஓட்டல் வேலைக்காக ஒரு வருட விசா கேட்டிருந்த பரோட்டா மாஸ்டர் அமலதாஸ், மருத்துவக் காப்பீடு எடுக்கக் காப்பீட்டு அலுவலகத்துக்கு வந்தார். மறுநாள் விசா நேர்காணல். மேனேஜர் தணிகைவேலன், மனசு இளகிவிடாத மனிதர், நோய்ப் பட்டியல் இருந்த படிவத்தைப் பிரித்துப் பேனாவை எடுத்தார்.

"இதுவரை உனக்கு வந்த எந்த நோய்க்கும் பணம் கிடையாது. வராததுக்கு மட்டும்தான் தருவோம். காய்ச்சல்?"

"வந்திருக்கு சார்."

அடித்தார்.

"தீக்காயம்?"

"கல்லுகிட்ட நிக்கிறவன் சார், தினமும்தான்."

அதையும் அடித்தார். மணிக்கட்டு வலி, பல்வலி, வயிற்றுப்போக்கு எல்லாம் போய், கடைசியில் பிரசவம் மட்டும் மிஞ்சியது.

"பிரீமியம் குறையுமா சார்?"

"முழுசா கட்டணும். அதான் ரூல்ஸ்."

அமலதாஸ் கும்பிட்டார். "அப்படியே சீல் போட்டுக் குடுங்க. பாரீஸ்ல எனக்குக் குழந்தை பொறந்தா மொத்தச் செலவும் உங்க கம்பெனிதான்னு நாளைக்கு விசா ஆபீஸ்ல உங்க பேரைச் சொல்லிடறேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இரண்டு பேர் விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியேறினார்கள். மேனேஜருக்கு வேர்த்துவிட்டது. புதுப் படிவம் எடுத்து, அடித்த நோயையெல்லாம் மறுபடி சேர்த்துக் கொடுத்தார்.

அமலதாஸ் நிதானமாகப் படித்துப் பார்த்தார்.

"எல்லாம் சரி சார். பிரசவத்தை ஏன் எடுத்துட்டீங்க?"