சுனை வாசலில் ஒரு கணக்கு

மழை வழி மறந்துபோன ஒரு காட்டில், குகைக்குள் ஒரே ஒரு சுனை மிஞ்சியிருந்தது. முதல் நாள் எல்லா விலங்குகளும் ஒரே நேரத்தில் உள்ளே பாய்ந்தன. சுனை சேறானது. யார் வாயிலும் ஒரு சொட்டு விழவில்லை.

மறுநாள் முள்ளம்பன்றியை வாசலில் காவல் வைத்தார்கள். அதற்கு ஒழுங்கு என்றால் உயிர்.

"உள்ளே ஒரு நேரத்தில் ஐந்து பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு முறை," என்று அறிவித்தது.

யானைகூட வரிசையில் நின்றது. சுனை தெளிந்தது. முள்ளம்பன்றியின் முட்கள் தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே விறைத்தன.

ஒரு நாள் நண்பகலுக்குள் கல்கௌதாரி ஒன்று மூன்றாம் முறையாக வந்து நின்றது.

"நீ குடிப்பதுகூட இல்லை. மார்பை நனைத்துக்கொண்டு பறந்துவிடுகிறாய். காடே நாவறண்டு கிடக்கிறது, உனக்குக் குளியல் கேட்கிறதோ?" என்றது முள்ளம்பன்றி.

"அது குளியல் இல்லை, ஐயா. என்னவென்றால்..."

"காரணம் கேட்பது என் வேலையில்லை. எண்ணுவதுதான் என் வேலை. இரண்டு முடிந்தது. நாளைக்கு வா."

வரிசையில் நின்ற நரி, "முதுகு தேய்க்க ஆள் வேண்டுமா, கௌதாரி?" என்று கேட்டுச் சிரித்தது.

கௌதாரி காய்ந்த மார்போடு திரும்பிப் போனது.

சற்று நேரத்தில் முள்ளம்பன்றி தன் பங்குக்கு இரண்டாம் முறை குடித்துவிட்டு, வாசலை முயலிடம் ஒப்படைத்து, கிழங்கு தோண்டப் போனது. வழியில் ஒரு கல்லின் நிழலில் அந்தக் கௌதாரி இருந்தது. அருகே மூன்று குஞ்சுகள். இரண்டு ஓடியாடின. மூன்றாவது அலகைத் திறந்தபடி படுத்திருந்தது.

"இன்னும் பறக்கத் தெரியாது, ஐயா. என் மார்பு இறகில் ஊறும் தண்ணீர் ஒரு குஞ்சுக்குத்தான் போதும். இவன் முறை நாளைக்கு," என்றது கௌதாரி.

முள்ளம்பன்றி சுனைக்குத் திரும்பி ஓடியது.

வாசலில் முயல் மறித்தது. "காவலாரே, உங்களுக்கு இது மூன்றாம் முறை. எதற்கு?"

அந்த ஒரு சொல்லில் முள்ளம்பன்றிக்குக் காது சுட்டது. தரையைப் பார்த்தபடி நடந்ததைச் சொன்னது. முயல் உடனே வழிவிட்டது.

முள்ளம்பன்றி தண்ணீரில் முழுக்க முங்கி எழுந்து ஓடியது. கல்லருகே வந்து சேர்ந்தபோது முட்களில் ஒரு சொட்டுகூட நிற்கவில்லை.

"நீயே போய் வா. வாசலில் இப்போது காரணம் கேட்டு உள்ளே விடுகிறார்கள்," என்றது மெல்ல. கௌதாரி வரும்வரை, கல்லின் நிழல் விலகிய பக்கம் குஞ்சுக்கு வெயில் படாமல் மறைத்து நின்றது.

கௌதாரி நனைந்து வந்தது. குஞ்சு இறகுகளுக்குள் அலகை விட்டு உறிஞ்சி, மெல்ல எழுந்து நின்றது.

கௌதாரி கோபிக்கவில்லை. பணிவாகக் கேட்டது: "நாளைக்கு எத்தனை முறை வரலாம், ஐயா?"

முள்ளம்பன்றியால் தலையைத் தூக்க முடியவில்லை.

நீதி: எத்தனை முறை வந்தாய் என்று எண்ணுபவர், எதற்கு வந்தாய் என்றும் கேட்க வேண்டும்.