பவளக்கொடி சாப்பிடாத மருந்து

இம்மானுவேலுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பதினைந்து வருடம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவராகக் குப்பை கொட்டிவிட்டு, தன்னைவிட ஐந்து வயது இளையவரான கல்லீரல் மருத்துவர் மங்கையர்க்கரசியிடம் மாணவராகச் சேர்ந்திருந்தார். சேர்ந்ததும் வாய்த்த நோயாளி பவளக்கொடி.

"ஈரல்ல புற்றுநோய் இல்லாத கட்டி மேடம். முக்கால்வாசிப் பேருக்கு அது பாட்டுக்குச் சும்மா கிடக்கும். இவங்களுக்கு வெடிச்சு வயித்துக்குள்ள ரத்தம் கொட்டிச்சு. கசிஞ்ச ரத்தக்குழாயை அடைச்சோம். பத்தே நாள்ல மறுபடி கசியுது. ஏன்?"

"மாத்திரை ஏதாவது சாப்பிடறாங்களா?"

"படிச்சுப் படிச்சுக் கேட்டேன். ஒரு மருந்தும் இல்லையாம். கருத்தடை மாத்திரையான்னேன். 'ஆபரேஷன் பண்ணி எட்டு வருஷம், புருஷன் போய் ஏழு வருஷம், என்ன சார் கேள்வி இது'ன்னு எரிஞ்சு விழறாங்க."

மங்கையர்க்கரசி எழுந்து வார்டுக்குப் போனார்; இம்மானுவேலும் பின்னாலேயே போனார். மங்கையர்க்கரசி பவளக்கொடியின் கட்டிலில் ஓரமாக உட்கார்ந்தார்.

"கடைசியா எப்பம்மா வீட்டுக்குத் தூரமானீங்க?"

"ஆறு வருஷமா நான் ஆகறதே இல்லீங்க. அம்மன் சந்நிதிக்குப் பூக்கட்டறேன். மாசம் மூணு நாள் பூவைத் தொடாம உக்காந்தா வேற ஆளை வச்சிருவாங்க. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க படிக்குதுங்க."

தலையணைக்கு அடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். கருத்தடை மாத்திரை. மாதம் ஏழு நாள் இடைவெளி விட்டால்தான் தூரமாகும்; அவள் ஒரு நாளும் விட்டதில்லை. அந்தக் கட்டியை ஊட்டி வளர்ப்பதே இதுதான். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் தினம் ஒன்று போட்டிருக்கிறாள்!

"ஏம்மா, இதைத்தானே நாலு நாளா கேட்டுக்கிட்டிருக்கேன்!" இம்மானுவேல் கத்தியே விட்டார்.

"நீங்க மருந்தான்னு கேட்டீங்க, கருத்தடையான்னு கேட்டீங்க சார். நான் என்ன நோவுக்கா, புள்ள பெறாம இருக்கவா இதைப் போடறேன்? வேலைக்குப் போகப் போடறேன்."

"இன்னொரு தடவை வெடிச்சா ஆள் மிஞ்ச மாட்டீங்க. இன்னையோட நிறுத்துங்க!"

அவள் அட்டையைத் திரும்ப வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

வந்த ஆத்திரத்தில் இம்மானுவேல், 'மாத்திரையை நிறுத்தவும்' என்று கேஸ் ஷீட்டில் எழுதி, தாள் கிழியும்படி இரண்டு கோடு போட்டார்.

"சொல்லியாச்சு, எழுதியும் கொடுத்தாச்சு. இதுக்கு மேல நம்ம கையில என்ன மேடம் இருக்கு?"

மங்கையர்க்கரசி அதை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"அந்த மூணு நாள் பூவை யார் கட்டுவாங்கன்னு எழுதலையே, டாக்டர்."