தையநாயகி மேஞ்ச கூரை

ஒரு ஊர்ல, ஏரிய ஒட்டுன கடைசி வீட்ல, ஒரு புருஷனும் பொண்டாட்டியும் இருந்தாங்க. அவன் பேரு அய்யாக்கண்ணு, அவ பேரு தையநாயகி. ‘ம்’ கொட்டு கண்ணு, அப்பதான் கதை நடக்கும். ஆங்.

அய்யாக்கண்ணுவுக்குக் கூரை மேயுற வேலை. ஏரியில நாணல் அறுத்து, காயவச்சு, ஊரு பூரா மேஞ்சு குடுப்பான். ஒரு நாள் ஒரு வீட்டு முகட்டுல உக்காந்து கட்டிக்கிட்டிருந்தப்போ மூங்கில் மளுக்குன்னு ஒடிஞ்சுது. தொப்புன்னு கீழ விழுந்தான். உசுரு இருந்துச்சு, இடுப்புக்குக் கீழ அசைவு இல்ல. அப்புறம் கயித்துக்கட்டில்தான். மல்லாந்து படுத்து அவன் பாக்குறதெல்லாம் அவன் வீட்டுக் கூரை. அதுவோ மக்கிப்போன கூரை. ஊருக்கெல்லாம் மேஞ்சவன், தன் வீட்ட அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு விட்டுட்டான்.

ஐப்பசி பொறந்துச்சு. சொட்டு சொட்டுன்னு அவன் நெஞ்சு மேலயே ஒழுகுது. கட்டில எங்க இழுத்துப் போட்டாலும் ஒழுகுது.

“நான் மேயுறேன், எப்படின்னு சொல்லுங்க”ன்னா தையநாயகி.

“நான் விழுந்தது போதும் புள்ள. நீ ஏறாத”ன்னு செவுத்துப் பக்கம் மூஞ்சத் திருப்பிக்கிட்டான்.

அப்போ அவளே போயி நாணல் அறுத்துட்டு வந்தா. பச்சையாவே வச்சுக் கட்டினா. நாலு வெயில்ல எல்லாம் சுருங்கி, சந்து சந்தா விட்டுப்போச்சு. மழை வந்துச்சு, சோன்னு உள்ள ஊத்துச்சு.

அப்புறம் ரெண்டாந்தடவ காயவச்சுதான் கட்டினா. ஆனா கட்டு இறுகல. காத்து உஸ்ஸுன்னு அள்ளிக்கிட்டுப் போயி ஏரியில போட்டுச்சு. அவ கையெல்லாம் நாணல் கிழிச்ச ரத்தம். அந்தக் கையப் புடிச்சுக்கிட்டு அய்யாக்கண்ணு ரொம்ப நேரம் அழுதான். தூங்கிட்டியா? சரி, கேளு.

மூணாந்தடவ, அவன் படுத்துக்கிட்டே சொல்லிக்குடுத்தான். “கீழ விளிம்புலேர்ந்து ஆரம்பி. மேல் வரிசை கீழ் வரிசைய முக்காவாசி மூடணும். பனநார இழுத்து, முழங்காலால அழுத்தி முடிச்சுப் போடு.”

அவ மேல, அவன் கீழ. ஒருத்தர ஒருத்தர் பாக்க முடியாது, பேச்சு மட்டுந்தான். “வெளிச்சம் தெரியுதா?”ன்னு அவ கேப்பா. “தலைமாட்டுக்கு நேரா, ஒரு விரக்கடை அகலத்துக்குத் தெரியுது”ம்பான். அங்க ஒரு கத்தையச் சொருகுவா. சரக், சரக்.

நனைஞ்சு நனைஞ்சு அவனுக்குச் சளி நெஞ்சுல கட்டிக்கிச்சு. காய்ச்சல் ஏற ஏறக் குரல் இறங்கிக்கிட்டே வந்துச்சு. “நாளைக்கிக் கட்டுறேங்க, பக்கத்துல இருக்கேன்”ன்னா. “முகட்ட மூடிட்டு வா புள்ள”ன்னான்.

மூணாம் நாள் மத்தியானம் முகட்ட மூடினா.

“இப்போ தெரியுதா?”

சத்தமில்ல.

“ஏங்க, தெரியுதா?”

சத்தமில்ல. இறங்கி ஓடுனா. உள்ள ஒரே இருட்டு. கண்ணு பழகுனப்புறம்தான் பாத்தா. அய்யாக்கண்ணு கூரையப் பாத்தபடியே போயிட்டான்.

அன்னிக்குச் சாயங்காலம் பெருமழை. சாவுக்கு வந்த சனமெல்லாம் உள்ளதான் உக்காந்திருந்துச்சு. ஒரு சொட்டு விழல. அவன் அண்ணன் அண்ணாந்து பாத்து, “யாரும்மா மேஞ்சது?”ன்னு கேட்டாரு.

“நாங்க ரெண்டு பேரும்”ன்னா தையநாயகி.

அவ்ளோதான் கண்ணு. கதை ஓஞ்சுது, நீ கண்ண மூடு.