வேம்பர் பின்னிய நூல்

கொடிமலை என்றொரு குளிர் நாடு. ஆடி மாதத்திலேயே அங்கே பற்கள் தாளம் போடும். அதை ஆண்ட சேந்தவர்மர் நல்ல அரசர்தான். அவருக்கு ஒரே ஒரு வியாதி. யாராவது தம்மைப் புகழ்ந்து பாட ஆரம்பித்துவிட்டால், போதும் என்று சொல்ல வாய் வராது.

அந்த வியாதியை வைத்தே பிழைத்தவர் அவைப்புலவர் இன்னமுதக் கவிராயர். பெயரில்தான் அமுதம். பாட்டு சுக்குக் கஷாயம். கஷாயமாவது ஜலதோஷத்துக்கு உதவும். அவர் அரசரின் மீசையைப் பற்றி ஒரு பெருநூல் எழுதி, அதைச் சபையில் தினமும் பாடி வந்தார். ஒரு மாதமாகியும் இடது பக்கத்து மீசையே முடிந்தபாடில்லை.

தூக்கத்தைச் சமாளிக்கச் சபையோர் ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள். சேனாதிபதி தொடையைக் கிள்ளிக்கொள்வார். மந்திரி கண்ணைத் திறந்தபடியே தூங்கப் பழகிவிட்டார். அரசரின் ஆலோசகர் வேம்பர் மட்டும் மடியில் எதையோ வைத்துப் பின்னிக்கொண்டிருப்பார். குதிரை விற்க வந்த அயல்நாட்டு வணிகனின் மனைவி அவருக்கு ஒரு கொக்கி ஊசியைக் கொடுத்து, கம்பளி நூலை வளையத்துக்குள் வளையமாக இழுத்துப் பின்னக் கற்றுத் தந்திருந்தாள். அதிலிருந்து வெற்றிலைப் பை, குழந்தைக்குக் காலுறை, தும்பிக்கை கோணிய குட்டி யானை என்று அவர் கையில் ஏதாவது பிறந்துகொண்டே இருந்தது. மீசைப் பாட்டால் நாட்டுக்கு விளைந்த நன்மை அது ஒன்றுதான்.

ஒருநாள் கவிராயர் பாதியில் பாட்டை நிறுத்தினார். திடீரென்று அமைதியானதால் மந்திரி பதறி விழித்தார்.

"அரசே! நான் தங்கள் மீசைக்கு உவமை தேடுகிறேன். இந்த வேம்பர் யானைக்கு வால் பின்னுகிறார். எனக்கு இது அவமானமில்லை. மீசைக்கு அவமானம்!"

அரசர் மீசையைத் தடவிக்கொண்டார். முகம் சிவந்தது. "என்ன வேம்பரே இது?"

"கவிராயருக்குக் காதுதானே அரசே வேண்டும்? இரண்டையும் கொடுத்துவிட்டேன். கை சும்மா இருந்தது."

"கேலியா? ஒரு நூல் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று உமக்குத் தெரியவில்லை. வருகிற பௌர்ணமிக்குள் நீரும் ஒரு நூல் செய்து கொண்டுவாரும். இல்லையென்றால் உம் பதவி போகும்."

"வீடும்" என்று சேர்த்துக்கொண்டார் கவிராயர். வேம்பர் வீட்டு முற்றத்தில் நன்றாக வெயில் விழும். அதன்மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். "வெறும் நூல் போதாது அரசே. நூறு கண்ணிக்குக் குறையக் கூடாது. அந்தாதியாக இருக்க வேண்டும். ஒரு கண்ணி முடிகிற இடத்தில் அடுத்த கண்ணி தொடங்க வேண்டும். கடைசிக் கண்ணி முதல் கண்ணியோடு வந்து சேர வேண்டும். பிறர் சொல் ஒன்றுகூட அதில் இருக்கக் கூடாது!"

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர்.

கண்ணி என்றால் இரண்டடிப் பாட்டு. வேம்பருக்கோ வெண்பாவுக்கும் வெண்பூசணிக்கும் வித்தியாசம் தெரியாது. வீட்டுக்கு வந்து இடிந்துபோய் உட்கார்ந்தார்.

"இப்படி உட்கார்ந்தால் பாட்டு வந்துவிடுமா?" என்றாள் மனைவி பூவாத்தாள். "என்னதான் கேட்டார்கள்? அப்படியே சொல்லுங்கள்."

"நூறு கண்ணியாம். ஒன்று முடிகிற இடத்தில் அடுத்தது தொடங்க வேண்டுமாம். கடைசியில் வளைந்து வந்து..." வேம்பர் சட்டென்று நிறுத்தினார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "அடியே, அந்தச் சாம்பல் நிறக் கம்பளி நூலை எங்கே வைத்தாய்?"

பௌர்ணமி வந்தது. சபைக்கு வரும் வழியிலேயே கவிராயர் வேம்பர் வீட்டு முற்றத்தைக் கயிறு வைத்து அளந்துவிட்டு வந்திருந்தார். வேம்பர் ஒரு தட்டை அரசர் முன் வைத்தார். அரசர் அதை மூடியிருந்த பட்டுத் துணியை விலக்கினார். உள்ளே காதுவரை மூடும் ஒரு கம்பளித் தொப்பி.

கவிராயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நூல் எங்கே ஓய்?"

"முழுக்க நூல்தான் கவிராயரே. வேறு கலப்படமே இல்லை."

"கண்ணி?"

வேம்பர் தொப்பியை விரித்துப் பிடித்தார். வலைக்கு இருப்பதுபோல் வரிசை வரிசையாகக் கண்ணிகள். "எண்ணிப் பாரும். நூற்றுக்கு மேலேயே இருக்கும். ஒன்று முடிகிற இடத்தில் அடுத்தது தொடங்குகிறது. சுற்றி வந்து கடைசிக் கண்ணி முதல் கண்ணியோடு சேர்கிறது. பிறர் சொல் மட்டுமில்லை, என் சொல்கூட ஒன்றும் இல்லை. சொல்லே இல்லாத நூல்! இந்தச் சபைக்கு இதைவிட என்ன உபகாரம் செய்ய முடியும்?"

சேனாதிபதி தம்மை மறந்து கைதட்டிவிட்டார்.

அன்றைக்குக் குளிர் அதிகம். அரசர், பனிக்கட்டியாய்ச் சில்லிட்டிருந்த பொன்முடியைக் கழற்றி ஓரமாக வைத்தார். தொப்பியை எடுத்துக் காதுவரை இழுத்து மாட்டிக்கொண்டார். கண்கள் தானாகச் சொக்கின.

கவிராயருக்குப் பொறுக்கவில்லை. "அரசே, இது ஏமாற்று வேலை! நூல் என்றால் அதில் ஒரு கருத்து வேண்டாமா? இதையெல்லாம் நூல் என்றால் உலகம் சிரிக்காதா?"

வேம்பர் கைகூப்பினார்.

"கோபித்துக்கொள்ளாதீர் கவிராயரே. ஒரு மாதம் தொண்டை கிழியப் பாடியும் உம்முடைய நூல் இங்கே ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. என் நூலைப் பாரும். வந்த வேகத்தில் அரசர் மண்டையிலேயே ஏறிவிட்டது!"

அரசரின் மீசை துடித்தது. கோபம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அது சிரிப்பு. அடக்க முடியாமல் அரியணையே குலுங்கச் சிரித்தார் அரசர்.

வேம்பருக்குப் பதவி நிலைத்தது, வீடு தப்பியது. மேற்கொண்டு ஒரு மந்தை கம்பளி ஆடுகளும் பரிசாகக் கிடைத்தன. கவிராயர் ஏட்டைப் புரட்டிக்கொண்டு நிற்பதை அரசர் பார்த்தார்.

"மீதியை நாளைக்குக் கேட்கிறோம்" என்றார்.

கொடிமலையில் அந்த 'நாளை' மட்டும் இன்னும் விடியவில்லை.